தாமரைக் குளத்தில் பூச்சித் தூண்டில்

ஃபிளை ஃபிஷிங் என்கிற பூச்சித் தூண்டிலில் நாங்கள் முதன்முதலில் பிடித்தது என் வலது காதை.

போன ஆனி மாதம் கனடாவிலிருந்து லீவுக்கு வந்த சித்தி மகன், திரும்பும்போது லக்கேஜ் எடை கூடிவிட்டது என்று ஒரு தூண்டில் கம்பை என் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். ஒன்பது அடி நீளம், நூல் கனத்தில் எட்டாம் நம்பர். கொடிக்கயிறு மாதிரி தடித்த மஞ்சள் நூல் சுற்றிய ரீல். ஒரு சின்ன டப்பாவில் இறகு கட்டிய பத்துப் பதினைந்து முட்கள். நாங்கள் கல்லூரிக் காலத்திலிருந்தே சேர்ந்து தூண்டில் போடுகிற நாலு பேர். ஒருவனுக்குக் கன்னியாகுமரி மாவட்டத் தோவாளையில் பூ வியாபாரம், ஒருவனுக்கு முப்பந்தலில் காற்றாலை மெக்கானிக் வேலை, இன்னொருவன் பள்ளிக்கூட வாத்தியார். நாலாவது நான். மண்புழு, தவிட்டு உருண்டை, மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, தக்கை. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த மீன்பிடி. இறகைக் காட்டி மீனை ஏமாற்றுவது என்பது எங்களுக்குப் புது வித்தை.

வித்தையில் உள்ள சூட்சுமம் இது. சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் நுனியில் இருப்பது கொசு கனம்கூட இல்லாத இறகுப்பூச்சி. அதை எப்படி நாற்பது அடி எறிய முடியும்? அதனால்தான் நூலைத் தடிமனாகச் செய்திருக்கிறார்கள். எறிவது நூலை, பூச்சி சும்மா பின்னாலேயே போகும். கம்பைப் பின்னால் வீசி, நூல் முதுகுக்குப் பின்னால் முழுதும் விரிகிற வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுக்கிற ஒரு நொடிதான் எங்களுக்கு வரவில்லை.

அதிலும் நாங்கள் பழகத் தொடங்கிய காலம் அப்படி. ஜூன், ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகளை அங்கே கொண்டு நட்டிருப்பதே அதற்காகத்தான். பள்ளிக்கூட மைதானத்தில் நின்று நான் வீச, காற்று நூலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து காதுமடலில் சொருகியது. "சவத்த விடு மக்கா, இந்தக் காத்துல காசு பாக்கிறது நான் ஒருத்தன்தான்" என்றான் காற்றாலைக்காரன். நல்லகாலம், முள்ளில் இருக்கிற எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று சித்தி மகன் சொல்லியிருந்தான். வாத்தியார் இரண்டு விரலால் பிடித்துப் பைய பின்பக்கமாக இழுத்தான், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். எதிர்முள் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும். புதிதாக இதைத் தொடுகிறவர்கள் குறடு, கண்ணாடி, தொப்பி மூன்றையும் வாங்கிவிட்டுக் கம்பு வாங்குங்கள்.

குளம் பூக்கடைக்காரன் ஏற்பாடு. தோவாளைச் சந்தைக்குத் தாமரை வருகிற குளங்களில் ஒன்று. இங்கே குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக யாரும் போய்த் தூண்டில் போட்டுவிட முடியாது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார், குஞ்சு வாங்கி விட்டிருப்பார், அவரிடம் கேட்க வேண்டும். அந்த அண்ணாச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கம்பைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"வலை போட்டா ரெண்டு மணிக்கூருல முடியிற காரியம். சரி, உங்க இஷ்டம். பிடிச்சா கிலோவுக்கு நூத்தியம்பது. தாமரைக் கொடிய அறுக்கப்பிடாது."

முதல் மாதம் முழுக்க நாங்கள் கட்லாவிடம் ஏமாந்தோம். விடிகாலையில் பெரிய பெரிய தலையாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்ததும் கை நடுங்கும். அதன் மூக்குக்கு முன்னால் பூச்சியைப் போடுவோம், அது ஒதுங்கிப் போகும். இப்படியே எத்தனை காலை. கடைசியில் அண்ணாச்சிதான் சொன்னார், "அதுக்க வாயப் பாத்தியளா? மேல பாத்து இருக்கு. தண்ணியில கெடக்க பொடிப் பொடிச் சாதனத்த அரிச்சுக் குடிக்கும். உங்க பூச்சி அதுக்கு எதுக்கு?" உண்மைதான். கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன். ரோகு நடுத்தண்ணீர். மிரிகாலும் சாதாக் கெண்டையும் அடியில் மேயும். புல் கெண்டைக்குப் பெயரிலேயே சாப்பாடு இருக்கிறது. ஒரே குளத்தில் இத்தனையையும் சேர்த்து விடுவதே ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று அதிகம் கைவைக்காது என்பதால்தான். பூச்சித் தூண்டிலுக்கு ஏற்ற ஆள் சாதாக் கெண்டை. சேற்றைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்கிற மீசைக்காரன்.

இதில் எதுவும் நம்மூர் மீனே இல்லை என்று வாத்தியார் குளத்தங்கரையில் ஒரு வகுப்பெடுத்தான். கட்லா, ரோகு, மிரிகால் எல்லாம் வடக்கத்தி ஆறுகளில் பிறந்தவை. சாதாக் கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது, 1957-ல் பாங்காக்கிலிருந்து இன்னொரு வகை கட்டாக்கில் வந்து இறங்கியது. அதே 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்த பிறகுதான் வளர்ப்புக்கு வேண்டிய குஞ்சுகளைப் பண்ணையிலேயே உண்டாக்க வழி பிறந்தது. அதற்கு முன்னால் ஆற்றில் இறங்கி முட்டையும் குஞ்சும் சேகரிக்க வேண்டும். "அப்ப நாம பிடிக்கப் போறது நம்மள விடப் பெரிய வெளிநாட்டுக்காரன்" என்றான் பூக்கடைக்காரன். மாலை கட்டுகிற கை அவனுடையது. எங்கள் பூச்சிகளைக் கட்டுவதும் அவன்தான். சேவலின் கழுத்து இறகு, உடம்புக்குத் தேங்காய் நார், கனத்துக்குப் பழைய மோட்டார் காயிலில் உருவிய செம்புக் கம்பி, தையல்கடை நூல். தட்டான் தண்ணீருக்குள் குஞ்சாக இருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். டப்பாவில் வந்த வெளிநாட்டுப் பூச்சிகளைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

ஆனால் மீன் இருக்குமிடம் தெரிந்தும் மூன்று காலை வெறுங்கை. காரணம் நாங்களேதான். கெண்டை இனத்துக்கு வயிற்றிலுள்ள காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கிற சின்னச் சின்ன எலும்புகளின் சங்கிலி ஒன்று உண்டு. தண்ணீருக்குள் வரும் அதிர்வைக் காற்றுப்பை வாங்கி, அந்த எலும்புகள் வழியாகக் காதுக்கு அனுப்பிவிடும். நாலு பேர் கரையில் தொம் தொம்மென்று நடந்தால் அவ்வளவும் அதற்குக் கேட்கும். இதில் ஒரு வேடிக்கை, பேச்சுச் சத்தம் அவ்வளவாகத் தண்ணீருக்குள் இறங்காது, மேல்பரப்பிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். அதாவது பேசலாம், நடக்கத்தான் கூடாது. எங்கள் கூட்டத்துக்கு இதைவிட வசதியான விதி கிடையாது.

இடையில் காற்றாலைக்காரனுக்கு ஒரு சம்பவம். அவன் வீட்டுப் பக்கம் சானல் கரையில் ஒரு நாவல் மரம். வழக்கமாக ஜூன் 1-ல் பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறப்பார்கள். சானலில் புதுத்தண்ணீர் வந்து, பழமும் விழத் தொடங்கினால், எந்தக் குளத்திலிருந்தோ தப்பி வந்த புல் கெண்டை ஒன்று மரத்தடியிலேயே நிற்குமாம். பழம் 'ப்ளக்'கென்று விழுந்ததும் வாய் மட்டும் மேலே வரும். இவன் கறுப்புக் கம்பளி நூலை உருண்டையாக முள்ளில் கட்டிக்கொண்டு போனான். வீசவெல்லாம் இல்லை. கம்பை நீட்டி, கிளைக்கடியில் பழம் விழுகிற மாதிரி தொப்பென்று போட்டிருக்கிறான். அடுத்த நொடி எடுத்துவிட்டது. "மக்கா, முழங்கை அளவு வாயி" என்றான், அதில் பாதியை நான் நம்புகிறேன். சானலோடு நாற்பது அடி ஓடி முடிச்சில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. முடிச்சைப் பார்த்தால் நுனி சுருண்டு கிடக்கிறது. நைலான் முடிச்சை உலர்ந்தபடி இறுக்கினால் உரசுகிற சூட்டில் நரம்பு பலமிழந்துவிடும். எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். இதை எங்களுக்குச் சொன்னதும் அவன்தான், அன்று செய்யாததும் அவன்தான்.

மீன் குளத்திலிருந்து தப்புவது பற்றி வாத்தியாரிடமும் ஒரு கதை உண்டு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று. மறுகால் பாய்ந்து குளமும் வயலும் ஒன்றாகிவிட்டதாம். மறுநாள் சாய்ந்த வாழைகளுக்கு நடுவே, கணுக்கால் தண்ணீரில் முதுகு வெளியே தெரிய ரோகு நீந்தியதைப் பார்த்திருக்கிறான். யாரும் பிடிக்கவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத ஊரில் அன்றைக்கு மீன் பிடிக்கிற மனநிலை யாருக்கும் இல்லை என்பான். அதைச் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்வான்.

புரட்டாசியில் காற்று விழுந்தது. ஒரு சனிக்கிழமை, ஆறு மணி இருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. தாமரை இலைகளுக்கு நடுவே பாய் விரிக்கிற அளவு வெட்டவெளி. அதில் கடுகு போட்டுத் தாளித்த மாதிரி பொடிப் பொடிக் குமிழிகள் ஒரே வரிசையாக நகர்ந்து வந்தன. அதற்குக் கீழே தண்ணீர் பால் விட்ட தேயிலை நிறம். சாதாக் கெண்டை மேய்கிறது. அன்று கம்பு பூக்கடைக்காரன் கையில். வாழ்நாளில் அவன் சரியாக வீசிய முதல் வீச்சு அது என்று நினைக்கிறேன், குமிழி வரிசைக்கு ஒரு முழம் முன்னால் பூச்சி போய் இறங்கியது. மூழ்க விட்டான். நாங்கள் மூன்று பேரும் கரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம். எறும்பு கடித்தும் அசையவில்லை.

தக்கை முங்குகிற மாதிரி இதில் எதுவும் தெரியாது. கெண்டை வாயில் உறிஞ்சிப் பார்த்து, பிடிக்காவிட்டால் உடனே துப்பிவிடும். இழுப்பு வரட்டும் என்று காத்திருந்தால் போச்சு. மஞ்சள் நூலின் நுனி அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்தது. "இழு" என்றேன். அவன் மூங்கில் கம்பு பழக்கத்தில் மேலே தூக்காமல், சித்தி மகன் சொன்னபடி இடது கையால் நூலை நேராக வலித்தான். மேலே தூக்கினால் பூச்சி வாயிலிருந்து வெளியே வந்துவிடும், நேராக வலித்தால் உதட்டில் பதியும்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரீல் கிர்ரென்று கத்தியது. மஞ்சள் நூல் முழுக்கப் போய், அதன் பின்னால் சுற்றியிருந்த வெள்ளை நூலும் போனது. மீன் நேராகத் தாமரைக்குள் புகுந்து நின்றுவிட்டது. கொடியை அறுக்கக் கூடாது. காற்றாலைக்காரன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, தண்டு தண்டாகத் தடவி நூலை அவிழ்த்தான். தாமரைத் தண்டில் சின்னச் சின்ன முள் இருக்கும், பூவை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாது. வெளியே வந்தபோது கை இரண்டும் பூனை பிறாண்டியது போலிருந்தது, முழங்காலுக்குக் கீழே இரண்டு அட்டை.

பூ நிறுக்கிற தராசில் 2 கிலோ 400 கிராம். பித்தளை நிறச் செதில், வாயோரம் இரண்டு பக்கமும் மீசை. 360 ரூபாய் எண்ணிக் கொடுத்தோம். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன், வெளிநாட்டில் பிடித்ததும் திருப்பி விட்டுவிடுவார்களாம் என்று. "விடதுக்கு எதுக்குலே பிடிச்சே?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். சரி என்று வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா வேறு மாதிரி. "நெய்மீனும் சாளையும் வாசல்ல வாற ஊருல, சேத்து மீனுக்கு முந்நூத்தறுவது ரூவாயா?" கடல்மீன் தின்று வளர்ந்த மாவட்டத்தில் குளத்து மீனுக்கு மதிப்பில்லை, அது உள்ளதுதான். அந்தச் சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்கிற பொருள், முதல் மழையில் மண் மணக்கிறதே, அதே சங்கதி. மழையில் பிடிக்கிறது, மீனில் பிடிப்பதில்லை. புளிப்பு சேர்ந்தால் அது குறையும். அம்மா குடம்புளி கூடுதலாகப் போட்டு, தேங்காய் அரைத்து வைத்த கறியில் எனக்கு வாடை தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது.

அதனால் ஐப்பசியில் என் கையில் கிடைத்த இரண்டாவது மீனை, 1 கிலோ 900, ஈரக் கையால் பிடித்து, நிறுத்த கையோடு தண்ணீரில் விட்டேன். ஒரு கணம் அசையாமல் நின்று, வாலால் சேற்றைக் கிளப்பிவிட்டுப் போனது. அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். கையை நீட்டினார்.

"விட்டுட்டோமே அண்ணாச்சி, அதுக்கும் துட்டா?"

"எடை போட்டாச்சுல்லா? அது நாளைக்கு எனக்க வலையில வருமுண்ணு என்ன நிச்சயம்?"

285 ரூபாய் கொடுத்தேன். நண்பர்கள் சிரித்த சிரிப்பில் அன்று எந்த மீனும் பக்கத்தில் வரவில்லை.

சானல் அடைத்து, குளத்தில் தண்ணீர் வற்றி, பங்குனியில் அண்ணாச்சி வலை போட்டார். அன்று மத்தியானம் அவரிடமிருந்து போன். பின்னால் மீன் துள்ளுகிற சத்தம், ஆட்களின் கூச்சல். "தம்பி, நீங்க துட்டு தந்த மீனும் இதுல கெடக்கும். எல்லாம் ஒண்ணு போல இருக்கு. எது உங்களுக்க மீனுண்ணு வந்து பாத்துச் சொல்லுங்க, எடுத்துத் தாறேன்."