எண் சொல்லித்தர படக்கதை எதற்கு?

புளியங்கொட்டை:
மூன்று வயதுப் பெண்ணுக்கு எண்ணக் கற்றுத்தர படக்கதை வாங்கச் சொல்கிறார்கள். கடையில் புரட்டிப் பார்த்தேன். முயலுக்கு ஒரு கேரட், குரங்குக்கு இரண்டு வாழைப்பழம், இப்படியே பத்து வரை. இது கதையா? கதை வேஷம் போட்ட வாய்ப்பாடு. நாலு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்தால் எடுப்பாள், வைப்பாள், ஒளிப்பாள். படத்தில் இருக்கும் பழத்தை நகர்த்த முடியுமா?

நர்சரி டீச்சர்:
மட்டமான புத்தகத்தை வைத்து எல்லாவற்றையும் எடைபோடாதீர்கள் சார். எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' 1969-ல் வந்தது. அதில் ஒரு புழு திங்களன்று ஒரு ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று ஆரம்பித்து வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு வரை தின்னும். தின்ற இடத்தில் தாளிலேயே ஓட்டை. பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் விரலை விட்டு எண்ணுவார்கள். எண்ணும் கிழமையும் அதில் துருத்திக்கொண்டு நிற்காது. புழுவுக்குப் பசி அடங்கியதா என்று பார்க்கத்தான் அடுத்த தாளைத் திருப்புகிறார்கள்.

சந்தேகி:
ஓட்டை, மடிப்பு எல்லாம் நமக்குத்தான் அழகு. சியாங், டிலோச் இருவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இழுத்துத் தடவி விளையாடும் எழுத்துப் புத்தகத்தைவிட சாதாரணப் புத்தகத்தில்தான் பிள்ளைகள் அதிக எழுத்து கற்றார்கள்.

நர்சரி டீச்சர்:
எழுத்துக்குச் சம்பந்தமில்லாத வேடிக்கை கவனத்தை இழுக்கும், ஒப்புக்கொள்கிறேன். இங்கே ஓட்டை பழத்தின் மேலேயே இருக்கிறது. ஒரு பழம், ஒரு ஓட்டை, ஒரு விரல். அதுவேதான் பாடம்.

கோட்டோவியன்:
படம் போடுகிறவன் பக்கமிருந்து ஒன்று. ஐந்து மாங்காயைக் கூடையில் குவித்து வரைந்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்திருக்கும். பிள்ளை நாலு என்று சொன்னால் தப்பு அதன் மேல் இல்லை. எண்ணும் பக்கத்தில் இடைவெளி விட்டு வரையணும். பதிப்பகத்தில் இதைச் சொன்னால் 'பக்கம் வெறிச்சென்று இருக்கே' என்கிறார்கள்!

புளியங்கொட்டை:
ஓட்டையில் விரல் விட்டு ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிவிட்டால் எண் தெரிந்துவிட்டதா? உளவியல் ஆய்வாளர் கேரன் வின் 1990-ல் எழுதியதைப் படியுங்கள். ஒழுங்காக எண்ணிக் காட்டும் சின்னப் பிள்ளையிடம் 'மூன்று எடுத்துக் கொடு' என்றால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கிறது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இதைச் சோதிக்கவே பொருள் வேண்டும்.

நர்சரி டீச்சர்:
சோதிக்கப் பொருள் வேண்டும், சரி. ஆனால் 'எத்தனை தின்றது?' என்ற கேள்விக்கு ஒரு காரணத்தைக் கதைதான் தருகிறது. உங்கள் கொட்டையை எண்ணிப் பார்க்க அவளுக்கு என்ன அவசரம்? வாசிக்கும்போது கேட்டுக் கேட்டுப் பேசினால் பிள்ளைகளின் பேச்சு வளர்கிறது என்று வைட்ஹர்ஸ்ட் ஆய்வுக் குழு 1988-லேயே காட்டியிருக்கிறது.

சந்தேகி:
அது பேச்சுக்கு மேடம். எண்ணுக்கு இல்லை.

புளியங்கொட்டை:
அதேதான். தவிர, நடுவில் நிறுத்தி 'எத்தனை?' என்று கேட்டால் என் பெண் புத்தகத்தை மூடிவிடுகிறாள்.

நர்சரி டீச்சர்:
முதல் வாசிப்பிலேயே கேட்டால் நானும் மூடிவிடுவேன் சார். கதை மனப்பாடம் ஆகட்டும். அப்புறம் 'மூன்று பிளம்' வரும் இடத்தில் இரண்டு என்று தப்பாக வாசியுங்கள், அவளே சண்டைக்கு வருவாள்.

கோட்டோவியன்:
புளியங்கொட்டை சார், மூன்று வயதுக்காரி அதை வாயில் போட்டுக்கொள்ள மாட்டாளா?

புளியங்கொட்டை:
பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தப்பாக வாசிக்கிற வேலையைச் செய்து பார்க்கிறேன், ஆனால் புத்தகம் வாங்குவதாக இல்லை. நூலகத்தில் கிடைத்தால் எடுப்பேன்.