எஸ்பெராந்தோவில் சுத்தியலுக்கு மட்டும் ஏன் "இலோ" இல்லை?

கேள்வி:
எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியைப் படிக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. கருவிப் பெயர்கள் சுலபமாகத்தான் போய்க்கொண்டிருந்தன, வினையோடு "இலோ" சேர்த்தால் கருவி வந்துவிடும்: திரான்ச்சி வெட்டுவது, திரான்ச்சிலோ கத்தி, செகி மரம் அறுப்பது, செகிலோ ரம்பம், தொந்திலோ கத்தரிக்கோல் (தொந்தியை நினைத்துக்கொண்டேன், இனி மறக்காது). அந்தத் தைரியத்தில் சுத்தியலுக்கு மார்த்தெலிலோ என்று எழுதினேன். தப்பாம், வெறும் மார்த்தெலோதானாம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ரோமானியர்களின் போர்க் கடவுள் மார்ஸோடு சம்பந்தம் உண்டா?

பதில் 1:
மார்ஸ் எல்லாம் இல்லைங்க, அவர் மார்ச் மாதத்தோடு சரி. பிற்கால லத்தீனில் மார்த்தெல்லுஸ் என்றாலே சுத்தியல். இத்தாலிய மொழியில் மார்த்தெல்லோ, போர்ச்சுகீசியத்தில் எழுத்து மாறாமல் எஸ்பெராந்தோவின் இதே மார்த்தெலோ. 732இல் தூர் போரில் வென்ற பிராங்க் தலைவர் சார்ல் மார்த்தெலின் பட்டப்பெயரும் சுத்தியல்தான். எஸ்பெராந்தோவை உருவாக்கிய சாமென்ஹோஃப் 1887இல் வார்சாவில் அதன் முதல் நூலை வெளியிட்டபோது அவரைச் சுற்றிப் புழங்கிய போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் மூன்றிலும் சுத்தியலுக்கு வேறு சொற்கள், ஆனாலும் லத்தீன் பக்கம் போய்விட்டார்.

பதில் 2:
வந்த வழி சரி, "இலோ" ஏன் இல்லை என்பதற்கு 1905இல் வந்த சாமென்ஹோஃபின் அடிப்படை நூலான ஃபுண்டமெந்தோவின் சொற்பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு வேருக்கும் ஐந்து மொழிகளில் பொருள் இருக்கும். மார்த்தெல் என்ற வேருக்குக் கொடுத்திருப்பது கருவியின் பெயர். அதனால் மார்த்தெலோ என்றாலே சுத்தியல், மார்த்தெலி அதால் அடிப்பது. கொம்பி என்பதற்கோ தலை வாருவது என்று வினையாகக் கொடுத்திருக்கிறார், ஆகவே சீப்புக்குக் கொம்பிலோ வேண்டும். நம் சீப்பும் சீவுவதிலிருந்து வந்ததுதானே. ஆனால் பிரஷ் வெறும் புரோசோ! சீப்பும் பிரஷ்ஷும் ஒரே அலமாரியில் இருந்தும் இலக்கணம் வேறு, இதில் தடுக்கி விழாத மாணவரை நான் பார்த்ததில்லை. வேர் வினையா பெயரா என்று மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை, எனக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான்.

கேட்டவர்:
ஓ, அப்போ ஸ்க்ரூ டிரைவருக்கு? அகராதியில் ஷ்ராவ்பிலோ என்று "இலோ"வோடு இருக்கிறதே.

பதில் 2:
ஷ்ராவ்போ ஜெர்மனிலிருந்து வந்தது, அது ஸ்க்ரூவின் பெயர். ஷ்ராவ்பி அதை முடுக்குவது. முடுக்கும் கருவிக்கு மிச்சம் இருந்தது "இலோ" மட்டும்தான்.