மருந்துக்கடை கவுண்டரில் ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர்: சுவரில் மாட்டலாமா?

கவுண்டர்_காரன் (பாளையங்கோட்டை):

எல்லோருக்கும் வணக்கம். கடை சின்னது, கவுண்டர் அதைவிடச் சின்னது. பில் போட 24 அங்குல ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர் (திரைக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் இருக்கும் ரகம்) வைத்திருக்கிறேன், ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துவிட்ட பிசினஸ் மாடல், பழையதாக வாங்கினேன், நன்றாகத்தான் ஓடுகிறது. பிரச்சினை அதன் ஸ்டாண்ட். அந்தப் பாதம் கவுண்டரில் பாதியை அடைத்துக்கொள்கிறது, பில் பிரிண்டர் ஒரு பக்கம், ஸ்கேனர் ஒரு பக்கம், மிச்ச இடத்தில் மாத்திரை எண்ண வேண்டியிருக்கிறது. கண்ணாடி ஷோகேஸ் மேல் இருப்பதால் யாராவது பையை வைத்தாலே திரை ஆடுகிறது.

அதனால் பக்கச் சுவரில் நீளும் கை ஒன்று அடித்து அதில் மாட்டிவிடலாமா என்று யோசனை. ஆன்லைனில் கேஸ் ஸ்ப்ரிங் கை (உள்ளே வாயு அடைத்த ஸ்ப்ரிங் திரையைத் தாங்கும், மேலும் கீழும் நகர்த்தலாம்) பார்த்தேன், 2 முதல் 9 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு எடை போட்டேன், ஆறரை கிலோ. அப்போ போதும்தானே? கை அடிக்க நினைக்கும் இடத்துக்கு நேர் கீழே சுவிட்ச் பாக்ஸ் இருக்கிறது, பிளக் போட வசதி. வாடகைக் கட்டடம், ஓனர் துளை போடச் சம்மதித்துவிட்டார். இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, பென் டிரைவ் சொருகும்போது பின்பக்கத் தகட்டில் விரல் பட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. பழைய மெஷின், அப்படித்தான் இருக்குமா?

சர்வீஸ்_தம்பி:

அண்ணாச்சி, நல்ல வேளை பிசினஸ் மாடலாக வாங்கினீர்கள். வீட்டு உபயோகத்துக்கு என்று விற்கும் ஆல் இன் ஒன் பலவற்றில் சுவரில் மாட்டும் துளையே இருக்காது, ஸ்டாண்டோடு பிறந்து ஸ்டாண்டோடு சாகும் ரகம். உங்களுடையதில் ஸ்டாண்ட் கழன்ற இடத்தில் சதுரமாக நான்கு துளை தெரிகிறதா பாருங்கள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் 100 மி.மீ. இருந்தால் அது வெசா 100 (வெசா என்பது திரை மாட்டும் துளைகளுக்கான பொது அளவு), சில மெஷினில் 75 மி.மீ. இருக்கும். இரண்டுக்கும் எம்4, அதாவது 4 மி.மீ. கன ஸ்க்ரூதான்.

இந்த ஸ்க்ரூவில்தான் நிறைய பேர் மெஷினைக் கெடுக்கிறார்கள். டிவிக்குப் பின்னால் போடுவது மாதிரி நீள ஸ்க்ரூவை முறுக்கினால் நுனி உள்ளே போய் போர்டில் இடிக்கும். மானிட்டரில்கூட உள்ளே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், ஆல் இன் ஒன்னில் மொத்தக் கம்ப்யூட்டரும் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது. ஒரு குச்சியை மெதுவாக விட்டுத் துளையின் ஆழத்தைப் பாருங்கள், அதோடு கையின் தகட்டுக் கனத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அந்த அளவுக்கு மிஞ்சாத ஸ்க்ரூ எடுங்கள். பெரும்பாலும் 10 அல்லது 12 மி.மீ. சரியாக வரும். முதலில் நான்கையும் கையாலேயே முறுக்குங்கள், கையால் போகவில்லை என்றால் மரை தப்பாகப் பிடிக்கிறது என்று அர்த்தம், ஸ்க்ரூட்ரைவரை வைத்து அமுக்க வேண்டாம்.

அப்புறம் எடை. 9 கிலோ தாங்கும் கை ஆறரைக்குப் போதும், ஆனால் அந்தக் கணக்கு மெல்லிய மானிட்டரை மனதில் வைத்துப் போட்டது. ஆல் இன் ஒன் தடிமனாக இருக்கும், எடை முன்னால் தள்ளி நிற்கும், அதனால் தலைப்பகுதி மூட்டு தளர்ந்து திரை மெல்லக் குனியும். மூட்டை இறுக்க வசதியுள்ள கையாக வாங்குங்கள்.

ஃபேஸ்_நியூட்ரல்:

கை, ஸ்க்ரூ எல்லாம் பிறகு. அந்தச் சுருக் என்ன என்று முதலில் பாருங்கள். பழைய மெஷின் என்பதால் அல்ல, உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் வரவில்லை என்பதற்கு அது அடையாளம்.

நடப்பது இதுதான். கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும், ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று. எர்த் சரியாக இருந்தால் அதில் கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எர்த் அறுந்திருந்தால் பாடி நடுவில் தொங்கும், 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 காட்டும். கசிவு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, அதனால் சுருக்கோடு போகிறது. ஆனால் நாளைக்கு உள்ளே நிஜமாகவே ஒரு வயர் பாடியைத் தொட்டால் அதை இழுத்து ட்ரிப் செய்ய வழியே இல்லை. இப்போது பிளாஸ்டிக் முதுகோடு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அதை இரும்புக் கையில் மாட்டப் போகிறீர்கள், நாளெல்லாம் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பப் போகிறீர்கள்.

மீட்டர் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், டெஸ்டர் மட்டும் வைத்திருப்பவர் வேண்டாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட் வர வேண்டும். ஒரு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டு அது முழு வெளிச்சத்தில் எரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், பெயருக்கு இருக்கும் எர்த் அப்போதுதான் மாட்டும் (மெயினில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு கண்டதும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், இருந்தால் இந்தச் சோதனையில் அது விழும், பயப்பட வேண்டாம், விழுவதுதான் சரி). இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜும் அதே லைனில்தானே ஓடும்? அதன் கதவைத் தினமும் தொடுகிறீர்களே. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லை என்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள்.

சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே துளை போடவே கூடாது. வயர் பைப் சுவருக்குள் நேர் மேலாகத்தான் போயிருக்கும், உங்கள் ட்ரில் பிட் அதற்குள் போகும். ஓர் அடியாவது பக்கவாட்டில் தள்ளிப் போங்கள், துளை போடும்போது மெயினை அணைத்துவிட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து லைன் எடுத்து ட்ரில் ஓட்டச் சொல்லுங்கள்.

சைட்_மேஸ்திரி:

நல்லது, கரண்ட்காரர் சொல்லிவிட்டார், சுவரைப் பற்றி நான் சொல்கிறேன். சுவர் எதில் கட்டியது? ஏதாவது பழைய ஆணித் துளை இருந்தால் சுரண்டிப் பாருங்கள். பூச்சைத் தாண்டி சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறம் என்றால் சிமெண்ட் கல் அல்லது ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல். வெள்ளையாக, நகத்தால் கீறினாலே உதிர்ந்தால் ஏஏசி பிளாக், காற்றுக் குமிழி நிறைந்த லேசான கல். ஹாலோ பிளாக்காக (உள்ளே பொந்துள்ள சிமெண்ட் கல்) இருந்தால் ட்ரில் ஒன்றரை அங்குலம் போனதும் வெறும் காற்றுக்குள் சடாரென்று விழும்.

கவுண்டர்_காரன்:

ஆணித் துளையில் சுரண்டினேன், சாம்பல் தூள்தான் வந்தது. தட்டினால் இடத்துக்கு இடம் சத்தம் மாறுகிறது, ஓரிடம் திம் என்கிறது, ஓரிடம் டொக் என்கிறது. எர்த் பார்க்க ஆள் சொல்லிவிட்டேன். ஆறரை கிலோவுக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா? வீட்டில் இதே மாதிரிச் சுவரில் 43 அங்குல டிவி சும்மா தொங்குகிறதே.

சைட்_மேஸ்திரி:

ஹாலோ பிளாக்தான், சந்தேகமே இல்லை. டிவி சுவரோடு ஒட்டித் தொங்குகிறது, எடை நேராகக் கீழே இழுக்கிறது, ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் சொருகும் பிளக்குக்கு அது பெரிய வேலையில்லை. நீளும் கை அப்படியில்லை, சுவரிலிருந்து ஸ்க்ரூவைப் பிடுங்கப் பார்க்கும்.

கணக்கே போட்டுக் காட்டுகிறேன். கை முழுதாக நீட்டினால் 45 செ.மீ. வரும் என்று வையுங்கள். ஆறரை கிலோவை 45 ஆல் பெருக்கினால் 290 சொச்சம். கையின் சொந்த எடை இரண்டரை கிலோ, அது பாதித் தூரத்தில், 55 பக்கம் சேரும். மொத்தம் 345. சுவரில் படும் தகட்டின் அடி விளிம்பிலிருந்து மேல் ஸ்க்ரூ வரை 12 செ.மீ. இருந்தால், மேல் ஸ்க்ரூக்களை வெளியே பிடுங்கும் விசை ஏறக்குறைய 29 கிலோ. ஆறரை கிலோ திரை, 29 கிலோ இழுவை. இதில் யாராவது ஒருவர் அசதியாகத் திரை மேல் கை ஊன்றி 10 கிலோ அழுத்தினால் 65ஐத் தாண்டிவிடும். கையை மடக்கிச் சுவரோடு வைத்திருந்தால் இதெல்லாம் பத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் நீங்கள் மடக்கி வைக்கவா வாங்குகிறீர்கள்?

ஹாலோ பிளாக்கில் கல்லின் ஓட்டுக் கனம் ஓர் அங்குலம் சொச்சம்தான். சாதா நைலான் பிளக் பாதி ஓட்டில், பாதி காற்றில் நிற்கும், கொஞ்ச நாளில் ஆடிப் போகும். பூச்சுக் கனத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எதையும் பிடிக்காது.

நான் செய்வது இது. 18 மி.மீ. பிளைவுட், உயரம் ஒன்றரை அடி, அகலம் ஓர் அடி, அதை முதலில் சுவரில் அடித்துவிடுவேன், மேலே மூன்று கீழே மூன்று, உள்ளே போய் விரியும் ஹாலோ பிளாக் பிளக் போட்டு. பிறகு கையை அந்தப் பலகையில் மாட்டுவது. இப்போது நெம்பும் உயரம் 12 செ.மீ. இல்லை, 40 செ.மீ. அதே 345ஐ 40 ஆல் வகுத்துப் பாருங்கள், 9 கிலோகூட வராது, அதுவும் மூன்று பிளக்கில் பிரிகிறது. கையை மர ஸ்க்ரூ போட்டுப் பலகையில் பிடிக்க வேண்டாம், பலகையைச் சுவரில் ஏற்றும் முன்பே பின்பக்கமிருந்து போல்ட் விட்டு முன்னால் நட்டு போட்டுவிடுங்கள், போல்ட் தலை பலகைக்குள் அமிழ இடம் குடைந்துகொள்ளுங்கள். துளை போடும்போது ஹேமரை ஆஃப் செய்து வெறும் சுழற்சியில் போடச் சொல்லுங்கள், ஹேமர் போட்டால் ஓடு பின்பக்கம் பெயர்ந்துவிடும். பெயின்ட் அடித்துவிட்டால் பலகை பார்க்கவும் மோசமாக இருக்காது.

பழைய_ஆப்பிள்:

நடுவில் புகுந்து கேட்கிறேன், என்னிடம் 24 அங்குல ஐமேக் (ஆப்பிளின் ஆல் இன் ஒன்), 2021ல் வந்த எம்1 சிப் மாடல், ஸ்டாண்டோடு வாங்கியது. இதையும் சுவரில் மாட்ட வெசா அடாப்டர் கிடைக்குமா?

சர்வீஸ்_தம்பி:

பழைய ஐமேக்கில் ஸ்டாண்டைக் கழற்றி அடாப்டர் போட வழி இருந்த மாடல்கள் உண்டு. 24 அங்குல எம்1 வாங்கும்போதே ஸ்டாண்ட் வேண்டுமா வெசா வேண்டுமா என்று சொல்லி வாங்க வேண்டியது, பிறகு மாற்ற முடியாது. ஸ்டாண்டின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் பிராக்கெட் என்று சிலது விற்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மெடிக்கல்_ரெப்:

சுவரை ஏன் தொட வேண்டும், கவுண்டரிலேயே கிளாம்ப் போட்டுக் கம்பம் நிறுத்தலாமே? வாடகைக் கடையில் பலகை, போல்ட் எல்லாம் அதிகம் என்று தோன்றுகிறது.

சர்வீஸ்_தம்பி:

சார், கண்ணாடி ஷோகேஸ் என்று சொல்லியிருக்கிறாரே. கண்ணாடியில் கிளாம்ப் நினைக்கவே கூடாது. கிரானைட்டாக இருந்தாலும் விளிம்பில் ஒரே புள்ளியில் இறுக்கினால் தெறிக்கும், மேலும் கீழும் இரும்புத் தகடும் ரப்பரும் வைக்க வேண்டும். கனமான மரக் கவுண்டர் என்றால் நீங்கள் சொல்வதுதான் நல்ல வழி, சுவர்த் தொல்லையே இல்லை.

அண்ணாச்சி, சூட்டையும் கவனியுங்கள். ஆல் இன் ஒன் பெரும்பாலும் கீழே காற்றை இழுத்து மேலே பின்பக்கமாகத் தள்ளும். காற்றுத் துளை உள்ள பக்கமெல்லாம் 10 செ.மீ. விடுங்கள். மருந்து ரேக்குக்கு அடியில் கொண்டுபோய்ச் சொருகினால் நாளெல்லாம் சூடான காற்று நேராக மருந்துப் பெட்டி மேல் அடிக்கும், அட்டையில் 30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும் என்று போட்டிருக்கும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டும் முன் பின்பக்கத் தூசியை ஊதிவிடுங்கள், மாட்டிய பிறகு யாரும் செய்வதில்லை.

கவுண்டர்_காரன்:

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். ஃபேஸ்_நியூட்ரல் சொன்னது அப்படியே சரி. அந்தப் பாக்ஸில் எர்த் வயர் முனை திருகப்படாமல் சும்மா சுருட்டி உள்ளே விட்டிருந்தார்கள், கடை கட்டிய நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கும். திருகியதும் சுருக் போய்விட்டது. ஃப்ரிட்ஜ் பாயின்ட்டையும் பார்த்தார், அது சரியாக இருக்கிறது. ஆர்சிசிபி போடச் சொல்லியாயிற்று. பலகையும் வெட்டக் கொடுத்துவிட்டேன், சுவிட்ச் பாக்ஸிலிருந்து தள்ளி, ரேக் இல்லாத பக்கம். மாட்டும்போது வேறென்ன பார்க்க வேண்டும்?

சர்வீஸ்_தம்பி:

இரண்டு பேர் வேண்டும், ஒருவர் திரையை ஏந்திப் பிடிக்க, ஒருவர் ஸ்க்ரூ போட. ஸ்டாண்டை மறுபடி கழற்றும்போது மெஷினை மடித்த போர்வை மேல் முகம் குப்புற வையுங்கள், நடுத் திரையில் கை ஊன்றாதீர்கள். ஸ்டாண்டுக்குள்ளும் ஸ்ப்ரிங் இருக்கும், கழன்றதும் துள்ளும்.

கேஸ் ஸ்ப்ரிங் கையும் அப்படித்தான், அதைவிட மோசம். சுமை இல்லாமல் இருக்கும்போது அது முழு பலத்தோடு மேலே எம்பப் பார்க்கும், முகத்துக்கு நேரே குனிந்து நின்றால் மோவாயில் வாங்குவீர்கள். கை மேலே எழும்பிய நிலையிலேயே திரையை மாட்டுங்கள், பிறகு கூட வரும் எல் சாவியால் இறுக்கத்தைத் திருத்துங்கள், விட்ட இடத்தில் நிற்கிற வரைக்கும். என்றைக்காவது சர்வீசுக்குத் திரையைக் கழற்றினாலும் இதே ஜாக்கிரதை, கடைப் பையனிடமும் சொல்லிவையுங்கள்.

வயரை இழுத்துக் கட்டாதீர்கள். கையை முழுதாக நீட்டி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அதற்கும் கொஞ்சம் தொய்வு விட்டு டை போடுங்கள். உயரம், நீங்கள் பில் போடும்போது நிற்பீர்களா உட்கார்வீர்களா என்பதைப் பொறுத்தது, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் வந்தால் போதும்.

கவுண்டர்_காரன்:

காலையில் நிற்பேன், மதியத்துக்கு மேல் உட்கார்ந்துவிடுவேன். கேஸ் ஸ்ப்ரிங் வாங்கியதே அதற்குத்தான்.

சைட்_மேஸ்திரி:

அப்போ உட்கார்ந்த உயரத்துக்கும் நின்ற உயரத்துக்கும் நடுவில் பலகையை வையுங்கள், கை மேலும் கீழும் சமமாகப் போகும். இன்னொன்று, ஒரு மாதம் கழித்துப் போல்ட்டை எல்லாம் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், பிளைவுட் கொஞ்சம் அமுங்கும்.