குளம் பராமரிப்புக்கு ஃபண்ட் வாங்கினவங்க இருக்கீங்களா?

வணக்கம், தாம்பரம் பக்கம் எங்க ஏரியா குளத்த தூர் வாரி கரையில பனையும் புங்கனும் வச்சோம், 2015 வெள்ளத்துல இடுப்பளவு தண்ணி நின்ன தெரு இது. ஒரு கம்பெனி சிஎஸ்ஆர்ல (கம்பெனிங்க சமூகப் பணிக்கு ஒதுக்குற காசு) குடுத்தாங்க ஆனா ஒரு வருஷத்துக்குதான், இப்ப பாதி குளம் ஆகாயத்தாமரை, அதை இழுத்துப் போடுற ஆளுங்களுக்கு கூலி குடுக்க வீடு வீடா வசூல் பண்றோம். தோண்டுறதுக்கு காசு கிடைக்குது, காப்பாத்துறதுக்குதான் யாரும் தரமாட்டேங்கறாங்க. சியரா லியோன் நாட்டு ஃப்ரீடவுன்ல 2017 மண்சரிவுக்கு அப்புறம், 2020ல இருந்து மரம் நடுறாங்க, அங்க மரம் பிழைச்சிருக்கான்னு ஆப்ல போட்டோ போட்டு பாத்துக்கற ஊர்க்காரங்களுக்கும் காசு போகுது. அந்த மாதிரி பராமரிப்புக்குன்னே ரெண்டு மூணு வருஷம் ஃபண்ட் வாங்கின சங்கம் யாராவது இருக்கீங்களா? அரசும் மக்களும் சேர்ந்து காசு போடுற நமக்கு நாமே திட்டத்துல கேட்டிருந்தா எஸ்டிமேட் எப்படி போட்டீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ், ஐப்பசி மழைக்குள்ள ஆகாயத்தாமரைய எடுத்தாகணும்.