சீலியாக் இல்லை, ஆனாலும் கோதுமை சேரவில்லை: அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டை, ஆசிரியை:

46 வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினேன். நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். இரண்டு மாதத்தில் வயிறு பானைபோல் உப்பத் தொடங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தலைக்குள் புகைமூட்டம் போட்டதுபோன்ற மந்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. விடைத்தாளில் மதிப்பெண்களை மூன்று முறை கூட்டினால் மூன்று விடை வரும். காலையில் காபித்தூள் டப்பாவின் மூடியைத் திருக விரல்கள் மடங்காது.

கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் புண்ணாகும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, சிறுகுடல் திசுப் பரிசோதனை, கோதுமை ஒவ்வாமைப் பரிசோதனை, எதிலும் ஒன்றுமில்லை. "எல்லாம் மனதில்தான் இருக்கிறது" என்று ஒரு மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். வண்ணார்பேட்டை வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

வேறொரு மருத்துவர்தான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் குடல் சுவரை வரைந்து விளக்கினார். நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று, எதிரியை அடையாளம் கண்டு, அதற்கென்றே எதிர்பொருள் தயாரிப்பது. சீலியாக் நோயில் குளூட்டனைப் பகையாக எண்ணிக் குடலைப் புண்ணாக்குவது இதன் வேலை. ரத்தப் பரிசோதனை தேடுவதும் இதன் தடயத்தைத்தான். மற்றது பிறவியிலேயே வாய்த்த காவல். ஆள் யார் என்று பார்க்காமல் உடனே பாயும். என்னைப் போன்றவர்களிடம் விழித்துக்கொள்வது இரண்டாவதாக இருக்கலாம் என்றார்.

பிறகு நானே தேடிப் படித்தேன். 2016-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சீலியாக் இல்லாமலே கோதுமையால் அவதிப்பட்ட 80 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். குடல் செல்கள் சிதைந்ததைக் காட்டும் புரதம் அதில் கூடியிருந்தது. கிருமிகளின் துணுக்குகள் குடலிலிருந்து ரத்தத்தில் கசிந்து அந்தக் காவலை உசுப்பியதற்கான அடையாளங்களும் இருந்தன. அவர்களில் 20 பேர் ஆறு மாதம் கோதுமையைத் தவிர்த்தபோது அந்த அளவுகள் இறங்கிவிட்டன. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கோதுமை வைத்திருக்கும் ஏடிஐ என்னும் புரதங்கள் இந்தக் காவலைத் தூண்டக்கூடியவை என்பதை 2012-லேயே காட்டியிருக்கிறார்கள். படித்து முடித்ததும் என் கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: "நான் பொய் சொல்லவில்லை."

சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஐந்தாவது வாரம் விரல்கள் மடங்கின. இதற்கிடையில் ஒருநாள் அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்கள். "இதிலும் கோதுமை மாவு போட்டிருக்கிறதே, தாயி!" உண்மைதான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். எனக்கு அந்தச் சிட்டிகை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் சீலியாக் உள்ளவர்கள் ரசத்தில்கூட இதைக் கவனிக்க வேண்டும்.

அல்வாவைப் பற்றி என்ன சொல்ல? சம்பா கோதுமைப் பாலில் கிண்டியது. தங்கை மகள் கல்யாணத்தில் வாழை இலைத் துண்டில் நெய் வழிய வைத்தார்கள். பக்கத்தில் இருந்த பேரனுக்கு ஊட்டிவிட்டேன்.

அம்பாசமுத்திரம்:

அக்கா, எனக்கும் இதே கதைதான், ஆனால் ஒரு திருப்பம். கோதுமையை விட்டும் உப்பசம் பாதிதான் குறைந்தது. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் குறைத்த பிறகே மீதி போனது. கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் ஃபிரக்டன் என்ற கார்போஹைட்ரேட் உண்டு. 2018-ல் வெளியான நார்வே ஆய்வில், தாங்களாகவே குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேருக்குக் குளூட்டனையும் ஃபிரக்டனையும் எது எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தபோது, குளூட்டனைவிட ஃபிரக்டன்தான் அதிகம் படுத்தியது. ஆகவே எல்லாருக்கும் எதிர்ப்பு மண்டலம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது என் எண்ணம். சின்ன வெங்காயம் இல்லாத குழம்புக்குப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது.

தென்காசி:

நாங்கள் செய்த தவறை யாரும் செய்ய வேண்டாம். என் மகளுக்கு வயிற்றுவலி என்றதும் முதலில் கோதுமையை நிறுத்தினோம். நான்கு மாதம் கழித்துத்தான் பரிசோதனைக்குப் போனோம். முடிவில் ஒன்றுமில்லை என்று வந்தது. கோதுமை உள்ளே போகாவிட்டால் எதிர்பொருள் அளவு இறங்கிவிடுமாம். மறுபடியும் பல வாரம் சப்பாத்தி கொடுத்து, அவள் வலியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டே சோதித்தோம். சீலியாக்தான்.

பாளையங்கோட்டை, ஆசிரியை:

தங்கச்சி, படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது. சீலியாக் இல்லாத என்னைப் போன்றவர்களின் கோளாறைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை இன்னும் கிடையாது. சீலியாக்கும் ஒவ்வாமையும் இல்லையென்று உறுதியான பிறகு, மருத்துவர் மேற்பார்வையில் கோதுமையை விட்டு, திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி. மகள் இப்போது பள்ளிக்கு என்ன கொண்டுபோகிறாள்? உளுந்தங்களி பிடிக்குமா?