மருத்துவக் கழிவு எரிக்கும் ஆலை: புகைக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, எங்கள் ஊர் எல்லையில் பல ஆஸ்பத்திரிகளின் கழிவை எரிக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. பகலில் புகைபோக்கியில் ஒன்றும் தெரியாது. இரவு பதினோரு மணிக்கு மேல் கருகிய பிளாஸ்டிக் நாற்றம் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வருகிறது. வாசலில் உள்ள பலகையில் மட்டும் எல்லா எண்களும் எப்போதும் வரம்புக்குள்!

2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி இரண்டாம் எரியறையில் (புகையை மறுபடி எரிக்கும் அறை) வெப்பம் 1050 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், புகை அங்கே குறைந்தது 2 விநாடி தங்க வேண்டும். இது தவறினால் டயாக்சின் என்ற கொடிய நச்சுப்பொருள் வெளியேறும் பயம். அதற்கான சோதனையோ ஆண்டுக்கு ஒரு முறைதான். அன்றைக்கு ஒழுங்காக எரித்தால் பாஸ்!

அதனால் அந்தச் சோதனை அறிக்கையோடு, இரவு நேர வெப்பநிலை, அரைகுறையாக எரிவதைக் காட்டும் கார்பன் மோனாக்சைடு பதிவுகளையும் ஆர்டிஐயில் கேட்கலாம் என்றிருக்கிறோம். மனுவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு அனுப்புவதா, சென்னைத் தலைமை அலுவலகத்துக்கா? பதினைந்து நிமிட சராசரியாகக் கேட்டால் தருவார்களா? முன்பு இப்படி வாங்கியவர்கள் மனு நகலைப் பகிருங்கள். அப்புறம், கெமிக்கல் இன்ஜினியர் யாராவது பதிவுகளை எங்களோடு உட்கார்ந்து பார்த்தால் பெரிய உதவி. ஊர்ப் பெயரைத் தனிச்செய்தியில் சொல்கிறேன்.