மரண அறிவித்தலும் நூற்றறுபது இரங்கல்களும்: ஊர்க் குழுவில் யார் எழுதலாம்?

(ஊரவர்கள் புனைபெயர்களில் எழுதிய ஓர் இணைய உரையாடல்)

வேலியோரக் கிளுவை

எமது ஊர் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. ஊரின் வட்ஸ்அப் குழுவில் இப்போது 600 பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஊரிலேயே வசிப்பவர்கள் அவர்களில் அரைவாசி கூட இல்லை. இந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று மாற்ற வேண்டும் எனக் கேட்கிறேன். அந்த வசதி 2018 முதல் இருக்கிறது. இதைக் கேட்பதற்குக் காரணம் சென்ற மார்கழியில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று.

அம்மாவுக்கு 78 வயது. அவருடைய பள்ளித் தோழி ஊரில் காலமானார். பிற்பகல் 2 மணிக்குப் பூதவுடல் மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும் என்று முதல்நாள் இரவு அறிவித்தல் வந்தது. மழை வரும்போல் இருந்ததால், மறுநாள் காலை 10 மணிக்கே எடுப்பதாக வீட்டார் காலை 6.40க்குக் குழுவில் எழுதியிருக்கிறார்கள். நான் 8 மணிக்குக் குழுவைத் திறந்தபோது 160க்கு மேற்பட்ட செய்திகள் அதற்குப் பின்னால் வந்திருந்தன. ஏறக்குறைய எல்லாமே "ஆழ்ந்த இரங்கல்", "ஓம் சாந்தி", கைகூப்பிய படம், மலர் வளையப் படம். இடையில் மூன்று நான்கு காலை வணக்கமும், வெள்ளிக்கிழமை என்பதால் அம்மன் படங்களும் இருந்தன. மேலே போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நேரம் முதல்நாளே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

நாங்கள் இப்போது கோண்டாவிலில் வசிக்கிறோம். பகல் 12 மணிக்கு ஓட்டோவில் போய் இறங்கினோம். வீட்டு முற்றம் கழுவப்பட்டிருந்தது. எங்கள் வழக்கப்படி பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பது இங்கு எல்லாருக்கும் தெரியும். படலையைத் தாண்டிப் பூதவுடல் போய்விட்டால் ஒரு பெண்ணுக்கு அதன் பின் முகம் பார்க்க வழியில்லை. அறுபது வருடத் தோழிக்கு வாய்க்கரிசி போட முடியாமல் அம்மா கழுவிய முற்றத்தில் நின்றதை நான் பார்த்தேன். இரங்கல் எழுதிய எவர்மீதும் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த இரங்கல்களுக்கு அடியில்தான் நேரம் புதைந்து கிடந்தது.

ஒன்பதரை மணி

தம்பி, அம்மாவுக்கு நடந்ததை வாசித்து மனம் வருந்தினேன். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். அந்த 160 செய்திகளில் ஒன்று என்னுடையது என்பதால் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கோடையில் உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் ஒன்பதரை மணித்தியாலம், மார்கழியில் பத்தரை. உங்கள் காலை 6.40 எங்களுக்கு முதல்நாள் இரவு 8.10. வேலையால் வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, முதல் தடவையாகத் தொலைபேசியைக் கையில் எடுக்கும் நேரம் அது. ஊரில் இருந்து வரும் மரணச் செய்தியை நாங்கள் எல்லாரும் ஒரே மணித்தியாலத்தில் காண்கிறோம். ஒரே மணித்தியாலத்தில் எழுதுகிறோம். அதனால்தான் அது வெள்ளமாக வருகிறது.

இதை ஏன் தனியே அந்த வீட்டாருக்கு எழுதக் கூடாது என்று சிலர் கேட்பார்கள். எமது ஊரில் செத்தவீட்டுக்குப் போவது தனிப்பட்ட காரியமாக எப்போதும் இருந்ததில்லை. கதைத்துப் பழகாதவர்கள்கூட வந்து, பந்தலுக்குக் கீழ் கதிரையில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். நல்ல காரியத்துக்கு வராதவனை மன்னிக்கலாம், செத்தவீட்டுக்கு வராதவனை மன்னிக்க முடியாது என்று எங்கள் அப்பு சொல்லுவார். நான் எழுதும் ஒரு வரி, அந்தக் கதிரையில் நான் வந்து இருப்பதற்குச் சமம்.

எமது ஊர் 1990 ஆனியில் போரால் இடம்பெயர்ந்தது. அதன் பின் பிறந்த பலருக்கு ஊர் என்பது இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்தின் முள்ளுக்கம்பிக்கு அப்பால் தெரிந்த பனைகள் மாத்திரமே. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஆடியில்தான் விடுபட்டது. 27 வருடங்கள் மல்லாகத்திலும் பருத்தித்துறையிலும் பாரிஸிலும் சிதறிக் கிடந்த சனம் மீண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தது இந்தக் குழுவில்தான். என் அப்பா 2007இல் இறந்தபோது யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடப்பட்டிருந்தது. என்னால் வர முடியவில்லை. யார் யார் வந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. ஆறு வருடங்களின் பின் அம்மா போனபோதும் வர முடியவில்லை. ஆனால் அப்போது முகநூலில் ஊரவர்கள் எழுதிய ஒவ்வொரு பெயரையும் விடியும் வரை இருந்து வாசித்தேன். குழுவை மூடினால் அந்தக் கதிரைகளை எடுத்து அடுக்கிவிடுவீர்கள்.

தெற்கு ஒழுங்கை

கிளுவையை ஆதரிக்கிறேன். என் அனுபவம் இரங்கல் பற்றியது அல்ல. நான் ஓ நெகட்டிவ். திகதி இல்லாத இரத்தக் கோரிக்கை ஒன்று இதே குழுவில் மூன்று தடவைகள் பகிரப்பட்டது. முதல் தடவை வேலையை விட்டுவிட்டு வைத்தியசாலைக்கு ஓடினேன். அந்த நோயாளி எப்போதோ வீடு போய்விட்டார். ஒருமுறை இரத்தம் கொடுத்தவர் அடுத்த 4 மாதங்களுக்குக் கொடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் ஓ நெகட்டிவ் உள்ளவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். பழைய கோரிக்கைக்காக ஓடிப் போய், போனதற்குக் கொடுத்துவிட்டு வந்தால், உண்மையில் தேவைப்படும் நாளில் என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை. பகிர்பவர்கள் புண்ணியம் என்று நினைத்தே பகிர்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து "இன்னும் தேவையா" என்று கேட்க மட்டும் யாரும் முன்வருவதில்லை.

வேலியோரக் கிளுவை

ஒன்பதரை மணி அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கதிரை பற்றிய இடத்தில் அவர் உங்கள் பக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் செத்தவீட்டில் கதிரையில் இருப்பவர், நேரம் மாறியதைச் சொல்ல வந்தவரின் வாயை மறைத்துக்கொண்டு இருக்க மாட்டார். பந்தலில் ஒருவர் எழுந்து "10 மணிக்கு எடுக்கிறார்களாம்" என்றால் எல்லாரும் கதையை நிறுத்திக் கேட்பார்கள். குழுவில் அந்த நிறுத்தம் இல்லை. கடைசியாகப் பேசியவரின் குரல் மாத்திரமே கேட்கிறது. 2022 வைகாசியில் இருந்து ஒரு செய்தியின்மீதே சிறு படக்குறியொன்றை (ரியாக்ஷன்) வைக்கலாம். மரண அறிவித்தலின் மேல் ஒரு கைகூப்பை வைத்தால் உங்கள் பெயரும் அதில் தெரியும். புதிய செய்தியாகவும் அது வந்து சேராது. 160 பேரும் அப்படிச் செய்திருந்தால் 6.40க்கு வந்த செய்திதான் கடைசிச் செய்தியாக இருந்திருக்கும்.

ஒன்பதரை மணி

குறியை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மன்னிக்க வேண்டும். அதே விரலால் அதே இடத்தில்தான் கடை திறப்பு விழாப் படத்துக்கும் குறி வைக்கிறோம். "மாமி, நீங்கள் அவித்துத் தந்த ஒடியல் கூழை மறக்க மாட்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதைக் குறியால் எப்படிச் சொல்வது? "ஆழ்ந்த இரங்கல்" என்ற இரண்டு சொல்லை வெட்டி ஒட்டுபவர்களைக் குறிக்கு மாறச் சொல்லுங்கள், அதை ஏற்கிறேன். எழுத ஏதாவது இருப்பவர் எழுதட்டும்.

கிணற்றடி

நான் ஊரில் படிப்பிக்கிறேன். இருவரும் பேசாத ஒன்றை எழுத வேண்டும் என்பதற்காகவே வந்தேன்.

நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்றால், அந்த நிர்வாகிகள் யார்? நால்வர். நால்வரும் ஆண்கள். மூவர் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் அல்லது அவர்களுடைய நெருங்கிய உறவினர். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை; எனக்கு உதவி செய்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆனால் எமது ஊரில் கோயில் நிர்வாகத்தில் ஒருநாளும் இடம் பெறாத ஒழுங்கைகள் இருக்கின்றன. ஏன் இடம் பெறவில்லை என்பதை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முன்பு இழவு சொல்லப் போகிறவர் எந்தப் படலையில் நின்று சொன்னார், எந்தப் படலையைத் தாண்டிப் போனார் என்பதை எனது அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தக் குழு வந்த பிறகுதான் அந்த ஒழுங்கைகளின் மரண அறிவித்தல் மற்ற எல்லாருடைய அறிவித்தலுக்கும் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், யாரிடமும் அனுமதி கேளாமல் வந்தது. அதற்கு எத்தனை பேர் இரங்கல் எழுதுகிறார்கள் என்பது வேறு விடயம். அதைப் பற்றி இங்கு எழுதினால் இந்த இழை திசை மாறிவிடும்.

எரிபொருள் தட்டுப்பாடு வந்த 2022ஐயும் நினைத்துப் பாருங்கள். எந்த எரிபொருள் நிலையத்துக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, வரிசை எந்தச் சந்தி வரை நிற்கிறது என்ற செய்தியை நிர்வாகியா எழுதினார்? இரவிரவாக வரிசையில் நின்ற தோட்டக்காரரும் கடற்றொழிலாளியும் எழுதினார்கள். பத்து நிமிடம் தாமதித்து வந்திருந்தால் அந்தச் செய்தியால் பயனில்லை. அப்போதும் காலை வணக்கப் படங்கள் வந்தன, சகித்துக்கொண்டோம்.

எனக்கும் எரிச்சல் உண்டு, கிளுவை. கடையில் களவெடுத்தான் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தைக் கமராப் பதிவில் இருந்து எடுத்துக் குழுவில் போட்டார்கள். அடுத்த வாரம் அவன் என் வகுப்புக்கு வரவில்லை. அன்று எந்த நிர்வாகியும் அதை அழிக்கவில்லை. நிர்வாகி யாருடைய செய்தியையும் எல்லாருக்குமாக அழிக்கும் வசதி 2022இல் இருந்தே இருக்கிறது. இருக்கும் பொறுப்பைச் செய்யாதவர்களிடம் முழுத் திறப்பையும் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

வாசிகசாலைத் திறப்பு

நால்வரில் நானும் ஒருவன். ரீச்சர் எழுதியது நோகிறது. ஆனாலும் பிள்ளையின் படத்தைப் பற்றி அவர் எழுதியது உண்மை. அதைப் போட்டவர் வயதில் மூத்தவர். அவரைச் சபையில் கண்டிப்பது போல் ஆகிவிடும் என்று தயங்கினேன். மூன்றாம் நாள்தான் அவருக்குத் தனியே எடுத்துச் சொன்னேன். அதற்குள் படம் ஊர் கடந்து போய்விட்டது. தவறு என்னுடையது.

குழுவைப் பூட்டுவதற்கு எனக்கும் விருப்பமில்லை. நால்வருக்கும் வேலை இருக்கிறது. இரவு 2 மணிக்கு இறந்தவரின் வீட்டார் எங்களை எழுப்பி அறிவித்தல் போடச் சொல்ல வேண்டிய நிலை வரும். நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 2023 மார்கழி முதல் ஒரு செய்தியைக் குழுவின் மேற்பகுதியில் பொருத்தி வைக்கலாம்: 24 மணித்தியாலம், 7 நாள், அல்லது 30 நாள். எத்தனை இரங்கல் வந்தாலும் அது கீழே போகாது. மரண அறிவித்தலையும் நேர மாற்றத்தையும் 24 மணித்தியாலத்துக்குப் பொருத்துவோம். இரத்தக் கோரிக்கையில் திகதியும் வீட்டாரின் தொலைபேசி இலக்கமும் இல்லையென்றால் அழிப்போம்.

கிணற்றடி

பொருத்தும் உரிமை யாருக்கு? நிர்வாகிகள் மட்டும் பொருத்தலாம் என்று வைத்தால் நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. எந்த ஒழுங்கையின் அறிவித்தல் மேலே இருக்கும், எது கீழே போகும்?

வாசிகசாலைத் திறப்பு

எல்லா உறுப்பினரும் பொருத்தலாம் என்று விட முடியும். ஆனால் ஒருவர் மரண அறிவித்தலைப் பொருத்த, இன்னொருவர் திருவிழா உபயகாரர் பட்டியலைப் பொருத்துவார். ஆகவே நிர்வாகிகளின் தொகையைக் கூட்டலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒருவர், அதில் பெண்களும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து இருவர்; அவர்கள் நாங்கள் உறங்கும் நேரத்தில் விழித்திருப்பார்கள். ரீச்சர், கிழக்கு ஒழுங்கைக்கு நீங்கள் வர வேண்டும்.

கிணற்றடி

வருகிறேன். எனக்கு முன்னால் அந்த ஒழுங்கையில் வசிக்கும் ஒருவரைக் கேளுங்கள். நான் அங்கு படிப்பிப்பவள் மட்டுமே. அவர்கள் மறுத்தால் நான் வருகிறேன்.

ஒன்பதரை மணி

ரொறன்ரோப் பக்கம் நான் பொறுப்பெடுக்கிறேன். நேர மாற்றம் என்று ஒரு செய்தி வந்தால், அது மேலே பொருத்தப்படும் வரை எங்களில் எவரும் எழுதாமல் இருக்க வேண்டும் என்று இங்குள்ள ஊர்ச் சங்கத்தில் சொல்லி வைக்கிறேன். கிளுவை கேட்பது அந்த நிறுத்தத்தைத்தானே.

வேலியோரக் கிளுவை

பங்குனி வரை இப்படிச் செய்து பார்க்க உடன்படுகிறேன். குழுவைப் பூட்ட வேண்டும் என்ற எண்ணத்தை நான் இன்னும் கைவிடவில்லை. இரண்டாவது குழுவொன்றை அறிவித்தலுக்கென்றே தொடங்கலாம் என்று பிறகும் கேட்பேன்.

ஆனால் நேற்று இரவு முழுவதும் இன்னொன்று மனதில் ஓடியது. பொருத்தினாலும், பூட்டினாலும், அம்மா அதை வாசித்திருக்க மாட்டார். அவரிடம் இருப்பது பொத்தான் அழுத்திக் கதைக்கும் பழைய தொலைபேசி. நான் வாசித்துச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். இறந்தவரின் வயதை ஒத்தவர்கள், முகம் பார்க்க வேண்டியவர்கள், பெரும்பாலும் இந்தக் குழுவில் இல்லாதவர்கள். முன்பு ஒருவர் சைக்கிளில் வந்து படலையில் நின்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வேலையைக் குழு செய்துவிடும் என்று நாங்கள் எல்லாரும் விட்டுவிட்டோம்.

எனக்குத் தெரிந்தவரை எமது ஊரவரில் இப்படி 11 முதியவர்கள் இருக்கிறார்கள்: கோண்டாவிலில் மூவர், சுன்னாகத்தில் இருவர், மற்றவர்கள் ஊரிலேயே. பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் பொதுவில் போடாமல் வாசிகசாலைத் திறப்பு அண்ணாவுக்கு இன்று தனியே அனுப்புகிறேன். யாருக்காவது வேறு பெயர் தெரிந்தால் நீங்களும் அவருக்கே அனுப்புங்கள். அறிவித்தல் வந்தாலும் நேரம் மாறினாலும் அந்த இலக்கங்களுக்கு அழைப்பு எடுக்க, காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் தேவை. காலைக்கு நான் நிற்கிறேன். மாலைக்கு யார் என்று சொல்லுங்கள்.